மூன்று டாக்டர், 3.1 டாக்டர் வேலை

நண்பர் ஒருவர் ஒரு புறநோயாளிப் பிரிவின் நிர்வாகத்தில் இருக்கிறார். மணிக்கு 27 பேர் வருகிறார்கள், மூன்று டாக்டர்கள், ஒருவரைப் பார்க்கச் சராசரியாக 6 நிமிடம், தினமும் ஆறு மணி நேரம். “வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் எர்லாங் சூத்திரத்தில் போட்டால் காத்திருப்பு 16 நிமிடம்தான் வருகிறது. ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறவர்கள் முக்கால் மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லேன்” என்றார். கூடவே, டாக்டர் எண்ணிக்கையை நகர்த்தினால் காத்திருப்பு உடனே மாறித் தெரிகிற மாதிரி ஒரு ஸ்லைடர். அப்புறம், போகிற போக்கில், “அந்த மெஷின் லேர்னிங்கும் சேர்த்துக்கோ.”

ஒரு வாரத்தில் முடியும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி எந்த மொழி, எந்தக் கருவி என்ற அலைச்சலில் போயிற்று. அந்த அலைச்சலின் பதிவு இது.

முதலில் பைதான் மொழியும், அதில் சிமுலேஷன் எழுத உதவும் சிம்பை லைப்ரரியும். நிஜத்தில் நடப்பதை நிகழ்வு நிகழ்வாகக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கும், நிகழ்வு சார்ந்த சிமுலேஷனுக்கு இது எழுதவும் படிக்கவும் சுலபம். ஒரு நோயாளியின் பயணத்தை ஒரே ஃபங்ஷனாக எழுதிவிடலாம்: வந்தார், டாக்டரைக் கேட்டார், கிடைக்கும்வரை நின்றார், ஆறு நிமிடம் போல ஆனது, போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு ‘யீல்ட்’, ‘இங்கே காத்திரு’ என்று சொல்லும் பைதான் சொல். மாடலைப் படித்துக் காட்டியபோது நிரல் எழுதத் தெரியாத நண்பருக்கே புரிந்தது. “டாக்டர் போன் பேசப் போகிற நேரம் எங்கே?” என்று ஓட்டையையும் கண்டுபிடித்தார்.

எழுதியதும் செய்த முதல் வேலை, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கை அதற்குக் கொடுத்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரப்படி, மணிக்கு 27 பேர், மூன்று டாக்டர், 6 நிமிடம் என்றால் நீண்டகாலச் சராசரிக் காத்திருப்பு 16.3 நிமிடம். அதே நெரிசலில், அதாவது டாக்டர் 90 சதவீத நேரம் வேலையாக இருக்கும்போது, ஒரே டாக்டர், மணிக்கு 9 பேர் என்றால் 54 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். பிறகு வந்த இரண்டு மாதமும் என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

சிம்பையில் ஆறு மணி நேரம் ஓட்டினேன். பதினொன்றுக்குச் சற்றுக் கீழே வந்தது. 16.3 எங்கே? ஒரு மாலை முழுக்கப் பிழை தேடினேன். பிழையே இல்லை. காலையில் கதவு திறக்கும்போது வரிசை காலி. இந்த நெரிசலில் வரிசை தன் நிலையான அளவுக்கு வளர ஒரு நாள் போதாது. சூத்திரம் சொல்வது என்றைக்கும் மூடாத ஒரு மருத்துவமனையின் கதை. சரி, சோதனைக்கு மட்டும் மூடாமல் ஓடட்டும் என்று பத்து லட்சம் நோயாளிகளை விட்டு, முதல் ஒரு லட்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்க்க நினைத்தேன்.

இங்கேதான் வேகப் பிரச்சினை தலைகாட்டியது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. “பைதான் மெதுவான மொழி” என்று எல்லோரும் சொல்வது காதில் ஒலித்தது. வேகமான மொழி வேண்டும் என்று அன்றே ஜூலியா மொழியைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டேன். ஆனால் மனசு கேட்காமல், போவதற்கு முன் ஒருமுறை, எந்தப் பகுதி எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் புரொஃபைலரில் ஓட்டிப் பார்த்தேன். பட்டியலின் உச்சியில் சிம்பை இல்லை, ரேண்டம் எண்களும் இல்லை. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் ‘கான்கேட்’, அட்டவணைகளை ஒட்டும் ஃபங்ஷன், இருந்தது. வருகை, அழைப்பு, வெளியேற்றம் என ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வரியாக டேட்டாஃப்ரேம் என்ற பாண்டாஸ் அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போயிருந்தேன். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் அதுவரை இருந்த அட்டவணை முழுவதும் புதிதாக நகலெடுக்கப்படும். பத்தாயிரம் வரிகளில் உறைக்காது. முப்பது லட்சம் வரிகளில் விடியாது. சாதாரண லிஸ்டில் போட்டு, முடிவில் ஒரே தடவை டேட்டாஃப்ரேம் ஆக்கினேன். பத்து லட்சம் பேர், முக்கால் நிமிடம்.

விடை 15.9. மறுபடி ஓட்டினால் 16.7. பத்து லட்சம் பேரை ஓட்டியும் அரை நிமிடம் இப்படி அப்படி ஆடுகிறது என்பது எனக்குப் புதுசு. 90 சதவீத நெரிசலில் ஒருவரின் காத்திருப்பு அவருக்கு முன்னால் நின்றவரின் காத்திருப்போடு பின்னிக்கிடக்கிறது. அதனால் பத்து லட்சம் அளவீடுகள் தனித்தனியான பத்து லட்சம் அளவீடுகளாக வேலை செய்வதில்லை. ஒரே ஓட்டத்தின் சராசரியை இரண்டு தசமத்தோடு எழுதிக் கொடுக்கிறவர்களை அதற்குப் பிறகு நம்ப முடியவில்லை.

முக்கால் நிமிடம் போதுமானதுதான். ஆனாலும் ஜூலியாவை இறக்கியாகிவிட்டதே. அதோடு, சிமுலேஷனுக்காக மொழி மாறுவது மரியாதையான பாரம்பரியம். நார்வேயின் ஆஸ்லோவில் டாலும் நைகார்டும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கியதே இந்த மாதிரி மாடல்களை எழுதத்தான். இன்று பல மொழிகளில் இருக்கிற ‘கிளாஸ்’ அங்கிருந்து வந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்காகத் தன் சிமுலேட்டரை சிமுலாவில் எழுதிய ஸ்ட்ரௌஸ்ட்ரப், அது ஓடுகிற வேகம் தாங்காமல் பிசிபிஎல் என்ற மொழியில் திரும்ப எழுதினார். சிமுலாவின் வசதியும் வேகமும் ஒரே இடத்தில் வேண்டும் என்ற அந்த எரிச்சல்தான் சி பிளஸ் பிளஸ் ஆனது. எரிச்சல் எனக்கும் இருந்தது. புது மொழி உருவாக்கும் யோக்கியதை மட்டும் இல்லை.

ஜூலியாவில் சிம்பை மாதிரி எதையும் தேடாமல், நிகழ்வுக் காலண்டரை நானே எழுதினேன்: நேரத்தில் முதலில் வருவதை எப்போதும் உச்சியில் வைத்திருக்கும் ஒரு ஹீப், அதிலிருந்து அடுத்த நிகழ்வை எடு, செய், புதிய நிகழ்வுகளைப் போடு. மொத்தம் எழுபது வரி. முதல் தடவை சில விநாடி. எதிர்பார்த்ததைவிட மெதுவு. ஹீப்பை என்ன வகை என்று சொல்லாமல், எதையும் போடலாம் என்று திறந்து வைத்திருந்தேன். அப்படி விட்டால் நிரலை மெஷின் கோடாக மாற்றும் ஜூலியாவின் கம்பைலருக்குக் கை கட்டிய மாதிரி. வகையைச் சொன்னதும் பத்து லட்சம் பேர் அரை விநாடிக்குள் ஓடி முடிந்தார்கள்.

காத்திருப்பு 16.2. எல்லாம் சரி என்ற உற்சாகத்தில் அதையே சி பிளஸ் பிளஸ்ஸிலும் எழுதினேன். வேகம் ஏறக்குறைய அதேதான். விடை மட்டும் பூஜ்யம். யாருமே காத்திருக்கவில்லை.

தாளில் 16.3 ஒட்டியிருக்காவிட்டாலும் இதைக் கவனித்திருப்பேன், பூஜ்யம் கண்ணில் படும். ஆனால் இதன் காரணம் கண்ணில் படாத ரூபத்திலும் வரக்கூடியது. டாக்டர் எடுக்கும் நேரத்தை எக்ஸ்பொனென்ஷியல் பரவலிலிருந்து, அதாவது பெரும்பாலும் சிறிய எண்ணும் எப்போதாவது பெரிய எண்ணும் வருகிற மாதிரி, குலுக்கி எடுக்கிறேன். அதற்கான ஃபங்ஷன் பல மொழிகளில் தயாராக இருக்கிறது. பைதானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பை, ஜூலியாவின் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் இரண்டும் சராசரியைக் கேட்கின்றன: 6 என்றால் சராசரி 6 நிமிடம். சி பிளஸ் பிளஸ்ஸின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, ஆர் மொழி, பைதானிலேயே இருக்கும் ‘ரேண்டம்’ மாட்யூல் மூன்றும் வீதத்தைக் கேட்கின்றன: 6 என்றால் நிமிடத்துக்கு 6 பேர். அதாவது ஒரு நோயாளிக்குப் பத்து விநாடி! பைதானுக்குள்ளேயே இரண்டு வழக்கம் இருக்கிறது என்பதுதான் உச்சம். சராசரி 1 நிமிடமாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், சோதனையில் சிக்கவே சிக்காது. அதனால் சோதனைக் கணக்கில் 1 என்ற எண்ணை எங்கேயும் வைப்பதில்லை என்று அன்றிலிருந்து ஒரு பழக்கம்.

இழுத்து வைக்கும் கருவிகளையும் ஒரு வாரம் பார்த்தேன். எனிலாஜிக்கில் பெட்டிகளை இழுத்து இணைத்து அரை நாளில் மாடல் நின்றது, குட்டி மனிதர்கள் வரிசையில் நகர்ந்தார்கள். நண்பர் வாய் பிளந்து பார்த்தார். கூட்டத்தில் காட்டுவதற்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் மாடலில் என்ன மாறியது என்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பார்த்தால் எக்ஸ்எம்எல் குவியலாக வந்தது. என் மாதிரி ஆளுக்கு அது ஆகாது. நெட்லோகோ, 1999 முதல் இருக்கிற அருமையான கருவி, ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டு நகரும் மாடல்களுக்கு. என் நோயாளிகள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்.

ஜூலியாவில் நிலைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு காரணங்கள் தடுத்தன. ஒன்று, மெஷின் லேர்னிங் பகுதிக்கு சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் லைப்ரரி எனக்குக் கை பழகியது. இன்னொன்று, எனக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ளப் போகும் பையனுக்கு பைதான் மட்டும்தான் தெரியும். வேகத்தைவிட இரண்டாவது காரணம் பெரிசு. ஓடுவதற்கு அரை விநாடி எடுக்கும் நிரலைப் படிக்க யாருமே இல்லை என்றால் ஆறு மாதத்தில் அது குப்பை.

ஆக, திரும்பவும் பைதான். ஜூலியாவில் எழுதிய அதே எழுபது வரியை, பைதானோடு வரும் ஹீப்க்யூ மாட்யூலை வைத்து எழுதினேன். ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வு வந்தால் ஹீப் அடுத்த உறுப்பை ஒப்பிடப் போகும். அது நோயாளி ஆப்ஜெக்ட்டாக இருந்தால் நிரல் விழுந்துவிடும். நடுவில் ஒரு வரிசை எண் வைத்தால் போதும். மூன்று நான்கு விநாடிகளில் பத்து லட்சம் பேர். சிம்பையைவிடப் பத்து மடங்கு வேகம், மொழி மாறாமலே.

எட்டு கோர் இருக்கிறதே என்று 200 நாட்களை எட்டு புராசஸுக்குப் பிரித்துக் கொடுத்தேன். வந்த முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்க்கையில் 14.27 என்ற எண் ஒன்றன் கீழ் ஒன்றாக எட்டு தடவை. அடுத்து 14.31, அதுவும் எட்டு தடவை. லினக்ஸில் என் பைதான் பதிப்பு புதிய புராசஸை ஃபோர்க் செய்துதான், அதாவது ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே நகலெடுத்துத்தான், உண்டாக்கியது. அப்பன் புராசஸில் இருந்த நம்பையின் ரேண்டம் நிலை அப்படியே எட்டுப் பிள்ளைகளுக்கும் நகலாகப் போனது. எட்டு பேரும் ஒரே சோழியை உருட்டினார்கள். என்னிடம் இருந்தது 200 நாள் அல்ல, 25 நாள், எட்டுப் பிரதி. பிழைவிளிம்பு மட்டும் 200 நாளுக்கானது போல ஒல்லியாக, நம்பிக்கையோடு நின்றது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. தாளில் இருந்த 16.3-ம் இதைப் பிடிக்காது. நீண்ட ஓட்டத்தில் சராசரி சரியாகத்தான் வரும். 2019-இல் வந்த நம்பை 1.17 முதல் இதற்கு வழி இருக்கிறது: ரேண்டம் எண்கள் கிளம்புகிற தொடக்க எண்ணுக்கு ‘சீட்’ என்று பெயர்; ஒரு சீட்-சீக்வென்ஸிலிருந்து ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு தனிக் கிளையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

அப்புறம் நம்பா. பெயர் நம்பை மாதிரியே இருப்பதால் பேசும்போது குழப்பம். எழுதும்போது இன்னும் மோசம். ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி ஒட்டினால் அதை மெஷின் கோடாக மாற்றிவிடும். ஹீப்க்யூவும் அதற்குத் தெரியும். நோயாளி ஆப்ஜெக்ட்டைத் தூக்கி எறிந்து வெறும் எண்களாக மாற்ற ஒரு நாள், அது கொடுக்கும் முழ நீளப் பிழைச் செய்திகளைப் படிக்க இன்னொரு நாள். ஜூலியாவின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரே சீடில் இரண்டு தடவை ஓட்டினேன், இரண்டு விடை. வெளியே நம்பையில் வைத்த சீட், நம்பா கம்பைல் செய்த ஃபங்ஷனுக்குள் போவதில்லை. பழைய வகை ரேண்டம் ஃபங்ஷன்களுக்கு அது தனியாக ஒரு நிலை வைத்திருக்கிறது. சீடையும் உள்ளேயே வைத்ததும் அடங்கியது.

இவ்வளவுக்குப் பிறகுதான் நண்பரின் கேள்விக்கு வந்தேன். பதில் வேகத்தில் இல்லை, மாடலில் இருந்தது. நூறு பேரில் முப்பது பேரை டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். அவர்கள் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து இன்னொரு 3 நிமிடம் எடுக்கிறார்கள். ஆக ஒரு நோயாளிக்கு 6 அல்ல, 6.9 நிமிடம். மணிக்கு 27 பேர் என்றால் 3.1 டாக்டருக்கான வேலை. இருப்பது மூன்று. வரிசை எந்த அளவிலும் நிலைக்காது, மூடும்வரை வளர்ந்துகொண்டே போகும். மாடலில் கடைசி ஒரு மணி நேரச் சராசரி அரை மணி நேரத்தைத் தாண்டியது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்களும் நிறைய. இந்தப் பெருக்கலுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சிம்பையில் அந்தப் பயணத்தை எழுதி, “அடுத்து நோயாளி எங்கே போவார்?” என்று கேட்டபோதுதான் நண்பர் ரிப்போர்ட் விஷயத்தையே சொன்னார்.

இனி மெஷின் லேர்னிங். இரண்டு இடத்தில் முயன்றேன், ஒன்றுதான் நிலைத்தது.

ஸ்லைடருக்காக, சிமுலேஷனுக்குப் பதிலாகப் பேசும் ஒரு மாடல். சாத்தியங்கள் எல்லாவற்றிலும் பரவலாகப் பொறுக்கி எடுக்கும் லேட்டின் ஹைப்பர்க்யூப் முறையில், டாக்டர் எண்ணிக்கை, வருகை போன்றவற்றை மாற்றி மாற்றி 400 அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 30 நாள், மொத்தம் 12,000 வரி. பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கிரேடியன்ட் பூஸ்டிங் முதல் ஓட்டத்திலேயே ஆர்-ஸ்கொயர் 0.97 கொடுத்தது; 1 என்றால் கணிப்பு முழுப் பொருத்தம். கைதட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது: ஒரே அமைப்பின் 30 நாட்களில் சில பயிற்சியிலும் சில சோதனையிலும் கலந்து கிடந்தன. விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை. அமைப்பு அமைப்பாகப் பிரித்ததும் 0.86. அதன் பிறகு, டாக்டர்கள் எத்தனை பங்கு நேரம் வேலையாக இருப்பார்கள் என்ற நெரிசல் விகிதத்தை நானே கணக்கிட்டு ஒரு பத்தியாகச் சேர்த்தேன்; வேறு எந்த மாடலை மாற்றியதும் அவ்வளவு முன்னேற்றம் தரவில்லை. பயிற்சியில் மணிக்கு 40 பேர்வரைதான் இருந்தது. 45 கேட்டால் மர மாடல் 40-க்கான பதிலையே கூச்சமில்லாமல் சொன்னது. காசியன் புராசஸ் என்ற வேறொரு கணிப்பு முறை சற்றுப் பரவாயில்லை, தெரியாத இடத்தில் தெரியாது என்று விளிம்பை அகலமாக்கிக் காட்டும். பைடார்ச் லைப்ரரியில் ஒரு நியூரல் நெட்வொர்க்கும் போட்டேன், 400 புள்ளிகளுக்கு அது வீண்.

மூன்று வாரம் இதில் போனபின் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாள் என்றால் 162 பேர். ஆயிரம் நாள் என்றாலும் ஒன்றே முக்கால் லட்சத்துக்குள். நம்பாவில் அது கண் இமைக்கும் நேரம். ஸ்லைடரை நகர்த்தும்போது சிமுலேஷனையே நேரடியாக ஓட்டிவிடலாம். அதற்குப் பதில் பேச இன்னொரு மாடல் எதற்கு? மூன்று வாரத்தையும் ஒரு ஃபோல்டரில் போட்டு மூடினேன்.

நிலைத்தது இன்னொன்று. டாக்டர் எடுக்கும் நேரத்தைப் பழைய பதிவுகளிலிருந்து கணிக்கும் மாடல்: வயது, முதல் வருகையா மறுவருகையா, எந்த மணி. கணித்த நிமிடத்தை அப்படியே சிமுலேஷனுக்குள் ஊட்டினேன். காத்திருப்பு சரசரவென்று குறைந்தது. சந்தோஷப்படுவதற்கு முன் தாளைப் பார்த்தேன். ஒரே டாக்டர், மணிக்கு 9 பேர், எல்லோருக்கும் துல்லியமாக 6 நிமிடம் என்றால் 54 நிமிடம் 27 ஆகிவிடும், சரி பாதி. சராசரி மாறவே இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும் போனது. என் மாடல் செய்ததும் அதுதான். அது சொல்வது சராசரியை. இரண்டு நிமிடத்தில் முடிகிறவரையும் இருபது நிமிடம் பேசுகிறவரையும் அது நடுவில் கொண்டு வந்து நிறுத்திவிடுகிறது. வரிசையை வளர்ப்பதே அந்த இருபது நிமிடக்காரர்தான். கணிப்போடு, அது தவறிய அளவுகளிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுத்துச் சேர்த்த பிறகு காத்திருப்பு பழைய இடத்துக்கு வந்தது. கணிப்பு மாடல் எவ்வளவு துல்லியம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிமுலேஷனுக்குத் தேவைப்பட்டது அதன் தவறுகள்.

இப்போது இருப்பது இவ்வளவு: பயணத்தை விளக்கவும் புது யோசனையை முதலில் எழுதிப் பார்க்கவும் சிம்பை, ஓட்டுவதற்கு நம்பா, இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனை, டாக்டர் நேரத்துக்கு சைக்கிட்-லேர்ன். ஜூலியா பிரதியையும் அழிக்கவில்லை, சந்தேகம் வரும்போது மூன்றாவது சாட்சி.

நண்பர் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு நான்காவது டாக்டரைக் கேட்டு எழுதியிருக்கிறார். நேற்று ஒரு விஷயம் சொன்னார்: பரிசோதனைக்கூடம் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தருவதில்லையாம், மணிக்கொரு முறை கட்டாக அனுப்புகிறதாம். அப்படியென்றால் திரும்பி வருகிறவர்கள் கும்பலாக வருவார்கள். சிம்பை பிரதியில் அந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.